கொழுந்து மாடி கேசட்

அந்தக் கிட்டார்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. வாசிப்பைப் பற்றிக் கேட்டால், நன்றாக வாசித்தார் என்று சொல்வேன். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன்.

எங்கள் தோட்டம் பசறைக்கு மேலே. அவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன். நான் தொழிலாளர் லயத்துப் பிள்ளை. பெக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிற வேலை. மெல்லிய பலகையை அளந்து வெட்டி, விளிம்புக்குத் தகரம் வைத்து ஆணி அடித்து, உள்ளே ஈயத்தாள் விரிக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் கைப்பட்ட பெட்டி ஒன்றுகூட ஆட்டம் காணாது என்று பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவே சொல்லியிருக்கிறார்.

அறுபதுகளின் கடைசியில், கொழும்பில் படிப்பை முடித்தும் முடிக்காமலும் ஒரு கரண்ட் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஜாஸ் என்றார். அது என்ன சங்கதி என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போதும் பெரிதாகத் தெரியாது. பாடாத பாட்டு, ஒருவர் வாசிப்பதை மற்றவர் இழுத்துக்கொண்டு போவது, அவ்வளவுதான் நான் புரிந்துகொண்டது. நாலு பேர் வேண்டும் என்று ஆள் தேடினார். பசறையில் தையல் கடை வைத்திருந்தவர் ஒருவர் அக்கோடியன் வாசிப்பார். தெமோதரை ரயில் ஸ்டேஷனில் வேலை செய்த ஒருவர் பொங்கோ தட்டுவார். பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த தந்திச் சத்தத்துக்குத்தான், பேஸ் என்பார்கள், ஆள் கிடைக்கவில்லை. தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு விளக்குமாற்றுக் கம்பை நிறுத்தி, கம்பி கட்டி இழுத்தால் பேஸ் மாதிரிக் கேட்கும் என்று எங்கேயோ பார்த்திருக்கிறார். பெட்டி வேண்டும் என்று என்னிடம் வந்தார். அடித்துக் கொடுத்தேன். கம்பி சரியாக இழுபடுகிறதா என்று இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். அந்த இடத்திலேயே, நீயே வாசி என்றுவிட்டார்.

இரண்டு வருடம் அவரோடு வாசித்தேன். அந்த இரண்டு வருடமும் என் பெயரை அவர் வாயால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "டேய் பெட்டி, இங்க வா." "பெட்டி, அந்த வயர இழுத்துப் பிடி." தையல்காரருக்கு அண்ணன், ஸ்டேஷன்காரருக்கு மச்சான், எனக்கு மட்டும் பெட்டி. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து இளித்திருக்கிறேன். அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

இரண்டாம் வருடம் ஐப்பசி மழையில் அவருடைய சிநேகிதர் யாரோ கொழும்பிலிருந்து ஒரு டேப் ரெக்கோடர் கொண்டுவந்தார். பெரிய ஸ்பூல் மெஷின், சூட்கேஸ் அளவு. திங்கட்கிழமை விடிய ரயில் கோச்சியில் அது திரும்பிப் போக வேண்டும். சனி பின்னேரம் ஸ்டாஃப் கிளப்பில் வாசித்துப் பார்த்தோம். தகரக் கூரையில் மழை கொட்டியதில் கிட்டாரே கேட்கவில்லை. ஞாயிறு காலையில் மழை விட்டது. பள்ளிக்கூட ஹோலுக்குப் போனோம். அங்கே ஒரு சத்தம் போட்டால் மூன்றாகத் திரும்பி வந்தது. கிட்டார்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது யோசனை சொன்னது நான். பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்குப் போகலாம் என்றேன். பறித்த கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்கு அங்கே தரையிலிருந்து கூரை வரைக்கும் தட்டுத் தட்டாகச் சாக்கு கட்டியிருக்கும். அத்தனை சாக்கும் சத்தத்தைக் குடித்துவிடும். கத்தினாலும் குரல் வாயை விட்டுப் போகாது. பெட்டி தூக்கிக்கொண்டு அங்கே ஏறி இறங்குகிறவனுக்குத்தான் அது தெரியும். கிளாக்கர் வீட்டுப் பிள்ளைக்கு எங்கே தெரியும்? அவர் என் முதுகில் தட்டினார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாடியில் ஃபேன் பார்க்கிற வேலை என் மச்சானுக்கு. அக்காவின் வீட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார். கொழுந்தைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தே இன்னும் எவ்வளவு நேரம் காற்று வேண்டும் என்று சொல்லிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் பாதி காலி. மறுபாதியில் சனிக்கிழமை பறித்த மழைக் கொழுந்து, சொட்டச் சொட்ட, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கனமாகப் பரப்பியிருந்தது. ஆறு மணிக்கு அரைக்க வேண்டும். அதுவரைக்கும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டீமேக்கர் ஐயா பதுளைக்குப் போயிருந்தார். அப்படிப்பட்ட கொழுந்துக்குக் காற்று நின்றால் உள்ளுக்குள்ளேயே புழுங்கி, சிவந்து, புளித்துப்போகும். பிறகு அதை உரக்கிடங்கில்தான் கொட்ட வேண்டும்.

ஃபேன் ஆள் உயரம். அதன் இரைச்சலில் மெஷினைப் போட்டால் வேறொன்றும் பதியாது. அதனால் கிட்டார்காரர் ஃபேனை நிறுத்தச் சொன்னார். மச்சான் நிறுத்தினார். மத்தியானத்திலிருந்து ஐந்தரை மணி வரை வாசித்தோம். இதை நான் அக்காவுக்கும், பின்னால் என் பெண்சாதிக்கும், எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் இப்படியேதான் சொல்லியிருக்கிறேன்.

வாசிப்பு அற்புதமாக அமைந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை. அந்த ஐந்து மணி நேரத்தில் என் கை போட்டதெல்லாம் சரியாக விழுந்தது.

ஆறு மணிக்கு டீமேக்கர் ஐயா வந்து கொழுந்துக்குள் கையை விட்டார். கை சுட்டது. அள்ளி எடுத்தால் செங்கல் நிறம்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் விசாரணை. தோட்டத்துத் துரை நாற்காலியில். பக்கத்தில் பெரிய கிளாக்கர் புத்தகத்தோடு. அவருக்குப் பின்னால் மகன், நன்றாகத் தலை வாரிக்கொண்டு. நாங்கள் பெக்டரி ஆட்கள் தள்ளி நின்றோம். ஃபேன் ஏன் நின்றது என்று துரை கேட்டார்.

மச்சான் சொன்னார்: "தூங்கிப் போயிட்டேங்க தொரை. கரண்டு நின்னு வந்திருக்கு போல. ஃபேன திருப்பிப் போடல."

நான் கிட்டார்காரரைப் பார்த்தேன். அவர் தன் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை! மாடியில் நாங்கள் இருந்தோம், இந்த ஆள் தூங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? அப்பா நாலு திட்டுத் திட்டியிருப்பார். அவ்வளவுதான். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கலாம். பெரிய கிளாக்கருடைய மகன் மேல் குற்றம் சொல்ல எனக்கென்ன இரண்டு தலையா என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பெரிய கிளாக்கர் "வேலை நேரத்தில் தூங்கியது" என்று புத்தகத்தில் எழுதினார். மச்சானுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். தோட்டத்தை விட்டுப் போ என்கிற சீட்டு அது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். தூங்கினவன் என்று பெயர் விழுந்தவனை வேறு எந்த பெக்டரி மாடியில் ஏற்றுவார்கள்? பக்கத்துத் தோட்டங்களில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு அரசாங்கமும் போட்டிருந்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவுசெய்து வைத்திருந்த குடும்பம் அது. கோச்சி கிளம்பும்போது அக்கா அழவில்லை. புருஷனைக் காட்டி என்னிடம் சொன்னாள்: "இந்த மனுசன் அர நாள் கண்ண தொறந்து வெச்சிருந்தா நா ஏன்டா ஊர விட்டுப் போறேன்?"

நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. மச்சானுக்கு அங்கே புல் வெட்டும் வேலை. அக்கா கடிதம் போடுவாள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு இடத்தில் "எங்க வீட்டுத் தூங்குமூஞ்சி" என்று வந்துவிடும். கூரை ஒழுகினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லாம் அந்தத் தூக்கத்தால் வந்தது. நான் விடாமல் பதில் எழுதினேன். அவர் தூங்கவில்லை, கிட்டார்காரன்தான் ஃபேனை நிறுத்தச் சொன்னான், நான் பக்கத்திலேயே இருந்தேன் என்று. அக்கா நம்பவில்லை. "அப்படின்னா இவரு ஏன் என்கிட்ட சொல்லல? கேட்டா தூங்கினேன்னுதானே சொல்றாரு" என்று எழுதினாள். அவர் பயந்தாங்கொள்ளி, ஐயாமார் என்றால் நடுங்குகிறவர் என்று நான் எழுதினேன். மனசுக்குள்ளும் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன்.

மெஷின் ஓட ஆரம்பித்தபோது இன்னும் ஃபேன் நின்றிருக்கவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆகவே கிட்டார்காரர் சொன்னது டேப்பில் இருக்க வேண்டும். அது மட்டும் கையில் கிடைத்தால் அக்காவின் வாயை அடைத்துவிடலாம், அந்த மனிதர் தன் வீட்டில் தலை நிமிர்ந்து சோறு தின்னலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கிட்டார்காரருக்கு மூன்று தடவை கடிதம் எழுதிக் கேட்டேன். அவர் கொழும்பில் ஏதோ விளம்பரக் கம்பனியில் இருந்தார். ஒரு தடவைதான் பதில் வந்தது: பாடாத பாட்டை யார் வாங்குவார்கள் என்று எல்லாக் கம்பனியும் திருப்பி அனுப்பிவிட்டது, டேப் எங்கேயோ பெட்டியில் கிடக்கிறது.

இதற்குள் நானும் தோட்டத்தை விட்டு வந்து, பதுளையில் சின்னதாகத் தச்சுப் பட்டறை போட்டுக் கல்யாணமும் செய்துகொண்டேன். பதினாலு வருடம் போய்விட்டது. ஒரு நாள் பசறைத் தையல்காரர் பட்டறைக்கு வந்து, நம்முடைய பாட்டு கேசட்டாக வருகிறது என்றார். கொழும்பில் யாரோ டேப்பைக் கேட்டுவிட்டுத் தலைகால் புரியாமல் புகழ்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் கூட்டமாம். வா, போகலாம் என்றார். வருகிறேன், நன்றாக வருகிறேன் என்றேன்.

ஹோல் நிறையப் பெரிய மனிதர்கள். கிட்டார்காரருக்கு முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் மேடையிலிருந்தே இரண்டு கையையும் விரித்தார்.

"டேய் பெட்டி! வாடா, வாடா! இவன்தான், நான் சொன்னேனே, தேயிலைப் பெட்டிய வெச்சு வாசிச்சவன்."

எல்லாரும் கை தட்டினார்கள். கேட்டுவிட்டேன்.

"எனக்குப் பேரு இருக்கு. ஒங்களுக்கு அது தெரியாது. எங்க மச்சான் பேராவது தெரியுமா? ஃபேன நிப்பாட்டச் சொன்னது நீங்க. பத்துச்சீட்டு வாங்கினது அவரு. அன்னைக்கு ஆபீஸ் வாசல்ல சப்பாத்த பாத்துக்கிட்டு நின்னீங்களே, இன்னைக்கு இவ்வளவு பேரு முன்னாடி சொல்லுங்க. அவரு தூங்கினாரா?"

தையல்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கிட்டார்காரர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இறங்கி வந்தார். ஒரு கேசட்டை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தார்.

"மொதல்ல வீட்டுக்குப் போய் இதக் கேளுங்க. ஆரம்பத்துல இருந்து கேளுங்க. அப்புறம் வந்து என்னைய என்ன வேணும்னாலும் கேளுங்க."

முதல் தடவையாக என்னை நீங்க என்று பேசினார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பதுளைக்கு வரும் பஸ்ஸில் வழியெல்லாம் அந்தக் காட்சியை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக அக்காவுக்கு எழுதினேன்: ஆதாரம் கிடைத்துவிட்டது, அந்த ஆள் குரலோடு கேசட் அனுப்புகிறேன், பக்கத்து வீட்டில் மெஷின் இருந்தால் வாங்கிப் போட்டுக் கேள். கடிதத்தைப் போஸ்ட் பண்ணிவிட்டு வந்து, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கேசட்டைப் போட்டேன். பெண்சாதி பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஃபேன் இரைச்சல். அதற்கு மேல் கிட்டார்காரரின் குரல், இளமையாக, அலுப்போடு: "இதுல ஆகாது. சரி விடு, மூட்டையக் கட்டு. நாம குடுத்து வெச்சது அவ்வளவுதான்."

பிறகு இன்னொருவன் குரல். கீச்சென்று, அவசரமாக, எனக்குத் தெரியாத யாரோ ஒருவன்.

"இருங்க, இருங்க, கட்டாதீங்க. மச்சான்! மச்சான், அந்த ஃபேன கொஞ்சம் நிப்பாட்டுங்க."

தூரத்திலிருந்து: "டேய், கொழுந்து செவந்துரும்டா. ஐயா கேட்டா என்னடா சொல்றது?"

"நா பாத்துக்கிறேன் மச்சான். நா சொல்லிக்கிறேன். ஒங்களுக்கு ஒண்ணும் வராது. நிப்பாட்டுங்க மச்சான்."

இரைச்சல் மெதுவாக இறங்கி, இறங்கி, நின்றது. அந்தக் கடைசி மூச்சு அடங்கும் இடத்தில் கிட்டார் தொடங்கியது.

"யாரு இது நடுவுல?" என்றேன்.

பெண்சாதி முறத்திலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏங்க, நீங்கதானே. ஒங்க கொரல் ஒங்களுக்கே தெரியலையா?"

இல்லை என்று அவளோடு சண்டைக்குப் போனேன். டேப்பில் குரல் மாறிவிடும், ஸ்டேஷன்காரராக இருக்கும் என்றெல்லாம் கத்தினேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அந்த மாடியில அவர மச்சான்னு கூப்பிட வேற யாரு இருந்தா?"

யாரும் இல்லை. மற்ற மூன்று பேரும் அவரை "ஏய் ஃபேன்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆறு தடவை திருப்பிப் போட்டேன். ஆறு தடவையும் கிட்டார்காரர் மூட்டையைக் கட்டச் சொன்னார். ஆறு தடவையும் நான் மச்சானைக் கெஞ்சினேன். விசாரணையில் அவர் யாருக்குப் பயந்தும் பொய் சொல்லவில்லை. தன் பெண்சாதியின் தம்பி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வேலை போகக் கூடாது என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னார். நா பாத்துக்கிறேன் என்று சொன்ன நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கிட்டார்காரர் மேல் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. அன்றைக்கு அவரும் வாயைத் திறக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. இரண்டு ஆள் நீளத் துண்டு டேப், கத்தரியால் வெட்டி எறிந்திருக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது என்று விட்டாரா, எனக்காகவே விட்டாரா, தெரியாது. கேட்டுவிட்டு வாங்க என்றார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அக்காவுக்குப் போட்ட கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. பத்து நாள் கேசட்டை அலமாரியில் வைத்துக்கொண்டு, உடைத்துவிடலாமா, வழியில் தொலைந்துவிட்டது என்று எழுதலாமா என்று அலைந்தேன். கடைசியில் பெண்சாதிதான் அதைப் பழைய துணியில் சுற்றிப் பார்சல் கட்டினாள். கூட ஒரு வரி எழுதி வைக்கச் சொன்னாள். நான் வைக்கவில்லை. அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். சொல்வதற்கு எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் பதில் வந்தது.

"தம்பிக்கு. கேசட் கெடச்சுது. பக்கத்து வீட்டு மெஷின இவரே போய் வாங்கியாந்தாரு. நா அடுப்படியில இருந்தேன். மொதல்ல கொஞ்சம் அவரே தனியா போட்டுப் பாத்தாரு. அப்புறம் கூப்பிட்டு, ஆரம்பத்துல டேப்பு கெட்டுப்போச்சு, வெறும் எரச்சலா இருக்குன்னு அந்த எடத்த ஓட்டிவிட்டுப் போட்டாரு. முழுசா கேட்டேன். பாட்டு நல்லாத்தான் இருக்கு. நீ அடிக்கிறது நல்லாக் கேக்குதுன்னு இவரு சொன்னாரு. ஆனா நீ சொன்ன ஆள் கொரல் ஒண்ணும் அதுல இல்லையேடா. இத்தன வருசமா ஒரு மனுசன் மேல வாய் கூசாம பழி போட்டிருக்க. இவரு தூங்கினதுதான் நெசம்னு எனக்கு இப்ப நிச்சயமாயிருச்சு."

கடிதத்தைப் பெண்சாதி படித்துவிட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் பட்டறை திறக்கவில்லை. போஸ்ட் ஆபீசுக்குப் போய் ஒரு ஏர்மெயில் வாங்கி, அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். நலம் விசாரிக்கவில்லை. கிட்டார்காரரைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை.

"அக்கா, அவர் வேலைக்குப் போன பிறகு, கேசட்டைத் தொடக்கம் வரைக்கும் சுற்றி, முதலிலிருந்து போட்டுக் கேள்."

அந்தக் கடிதத்துக்கு அக்கா இன்றுவரை பதில் போடவில்லை.